உழைப்பு மட்டுமா? திருப்பூர் வளர்ந்த விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் படிக்கும் மாணவர்களிடம் பேசப் போகிற இடங்களில் எல்லாம் திருப்பூரைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒரு வட்டாரத்தின் பழக்கவழக்கம் அதன் தொழிலை எப்படி உருவாக்குகிறது, உலகச் சந்தை அந்த வட்டாரத்தை எப்படி மாற்றுகிறது என்று அறிய விரும்புகிறவருக்குத் திருப்பூரைவிடப் பக்கத்தில் வேறு பாடம் கிடையாது என்று நம்புகிறேன். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திருப்பூர் தொழிலின் அளவு என்ன?

இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. 1985-இல் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-இல் 40,000 கோடியைத் தொட்டது. உள்நாட்டில் விற்கும் பனியன், ஜட்டி, டி-ஷர்ட் இந்தக் கணக்கில் சேராது. கோவை மாவட்டத்தின் ஒரு தாலுகா ஊராக இருந்தது 2008-இல் மாநகராட்சியாகி, 2009-இல் தனி மாவட்டத் தலைநகரும் ஆனது.

இந்தத் தொழில் ஏன் இங்கே வந்தது? துறைமுகமும் இல்லை, பெரிய ஆறும் இல்லையே?

பஞ்சு இருந்தது. கோவை வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. அதை அரைத்துக் கொட்டை நீக்கும் ஜின்னிங் பட்டறைகளும் பஞ்சுச் சந்தையும் சென்னை செல்லும் ரயில் பாதையும் திருப்பூரில் இருந்தன. விடுதலைப் போராட்டக் காலத்தில் தென்னிந்தியாவின் பெரிய கதர் மையமும் இதுதான். 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு உயிர்விட்ட குமரனின் ஊர் என்று நமக்குத் தெரியும். அந்தக் குமரன் பஞ்சுத் தொழிலில் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் ஊரின் அன்றைய முகம் தெரியும்.

பனியன் பின்னுவது 1920-களில் முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் தொடங்கியது. அப்போது பனியனுக்குப் பேர் பெற்ற ஊர் கல்கத்தா. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது, நூற்பாலைகள் பெருகின, பக்கத்திலேயே நூல் கிடைத்தது. பிறகு 1960-களின் இறுதியிலும் 70-களிலும் கல்கத்தாவில் மின்வெட்டும் தொழில் தகராறுகளும் மிகுந்தபோது, அங்கே போய்க்கொண்டிருந்த ஆர்டர்கள் தெற்கே திரும்பின.

“கொங்கு மக்களின் உழைப்பே காரணம்” என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

கொங்கு நாட்டின் மேட்டு நிலத்துக்கு வாய்க்கால் பாசனம் குறைவு. ஒரு குடியானவர் தன் காட்டில், அதாவது தன் மேட்டு நிலத்தில், தானே கிணறு வெட்ட வேண்டும். எண்பது, நூறு அடி ஆழத்திலிருந்து மாட்டைப் பூட்டி, ‘கவலை’ என்ற முறையில் தண்ணீர் இறைக்க வேண்டும். கிணற்றில் ஊற்று கிடைக்குமா கிடைக்காதா என்பது வெட்டி முடித்த பிறகே தெரியும். அதற்கு முன்பே கடன் வாங்கியாக வேண்டும். ஆற்றுப் பாசனக்காரர் மதகு திறக்கும் நாளை எதிர்பார்த்திருப்பார். கிணற்றுப் பாசனக்காரர் கடனையும் ஆபத்தையும் தன் தோளிலேயே சுமப்பார். ஆளுடன் சேர்ந்து தானும் சேற்றில் இறங்குவார். இந்தப் பழக்கம் பட்டறைக்குள்ளும் வந்தது. 1960-களுக்குப் பிறகு நீர்மட்டம் இறங்க இறங்க, ஐந்து ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த கவுண்டர் குடும்பத்துப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார்கள். கட்டிங் மாஸ்டராக, டெய்லராக இருந்து, சில ஆண்டுகளில் நாலு மெஷின் போட்டு முதலாளி ஆனவர்கள் அவர்களில் நிறைய. 1990-களில் இங்கே தங்கி ஆய்வு செய்த புவியியலாளர் ஷரத் சாரி, தாங்கள் வளர்ந்த காரணத்தைக் கேட்டபோதெல்லாம் முதலாளிகள் ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லைச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்.

இனி மறுபாதி. அதே காட்டில், அதே வெயிலில், கவுண்டருக்குப் பண்ணையம் பார்த்த அருந்ததியர் குடும்பங்களும் உழைத்தன. கவலை இறைத்தவர்களும் கிணறு வெட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. உழைப்பு மட்டுமே மூலதனமானால் திருப்பூரில் பாதிக் கம்பெனி அவர்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். இல்லையே! இந்தக் கேள்வியை ஒவ்வொரு மாணவரும் தன்னிடமே கேட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் வேறுபாட்டை உண்டாக்கியது எது?

கடன். யார் கேட்டால் கொடுப்பார்கள், யார் கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பது.

முதல் நாலு மெஷின் வாங்க வங்கி பணம் தராது. விற்பதற்கு நிலத்தில் ஒரு துண்டு இருந்தால் விற்கலாம். இல்லாவிட்டால் மாமன், மச்சான், பங்காளி. நூல்கடைக்காரர் ஒரு மாதத் தவணைக்கு நூல் தருவார், சாயப்பட்டறைக்காரர் பணத்துக்குப் பொறுத்திருப்பார். இவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கொங்கு வேளாளரிடையே, அதாவது இந்தக் கவுண்டர்களிடையே, ‘கூட்டம்’ என்ற குலப் பிரிவு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் குலதெய்வக் கோயில் உண்டு. கடனை ஏமாற்றியவர் அடுத்த கோயில் நோன்பியில் (திருவிழாவில்) அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும், பிள்ளைக்குப் பெண் கேட்டு அதே வீடுகளின் வாசலில் நிற்க வேண்டும். எழுதிய பத்திரத்தைவிட இந்தக் கட்டுப்பாடு வலுவானது. பண்பாடு பொருளாதாரத்தில் வேலை செய்யும் இடம் என்று நான் காண்பது இதைத்தான். உள்ளே இருப்பவருக்கு வட்டியில்லாத நம்பிக்கை கிடைக்கிறது. வெளியே இருப்பவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிவதில்லை.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவுண்டர் சமூகத்தினர் நடத்திய கம்பெனிகளில் முதலீடு கூடுதலாக இருந்தது, வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகளில் குறைவாக இருந்தது. ஆனால் வெளியார் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திவிட்டார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போயிருக்கிறது. இதை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாகப் படிக்க வேண்டாம். சிவகாசியிலும் காரைக்குடியிலும் சௌராஷ்டிரா வணிகத்திலும் இதே கதைதான் வேறு பெயர்களோடு நடந்தது. வங்கி கைவிட்ட இடத்தில் சாதி வங்கியாக இருந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்த வங்கியில் எல்லோருக்கும் கணக்கு இல்லை.

வெளிநாட்டு வணிகம் எப்படித் தொடங்கியது?

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி பம்பாய் வணிகர்கள் வழியாக இந்த ஊருக்கு வந்தார். 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடைச் சங்கிலிகள் பின்தொடர்ந்தன. அந்த நாட்களில் உலக ஆடை வணிகம் 1974-இன் பன்னாட்டு இழை ஒப்பந்தத்தின்படி ‘கோட்டா’ முறையில் நடந்தது. எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் வரையறுத்திருந்தன. ஹாங்காங்குக்கும் கொரியாவுக்கும் கோட்டா நிறைந்துவிட்டதால் வாங்குபவர்கள் புதிய ஊர்களைத் தேடினார்கள். ஆக, திருப்பூருக்கு வாசல் திறந்ததற்கு ஊரின் திறமை ஒரு காரணம். எங்கோ ஜெனீவாவில் போடப்பட்ட வரம்பு இன்னொரு காரணம். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 1991-இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டதும் ஆர்டர்கள் கொட்டின.

ஒரே பெரிய ஆலையாக இல்லாமல் ஏன் இத்தனை சிறு பட்டறைகள்?

ஒரு டி-ஷர்ட் பிறக்கும் வழியைப் பாருங்கள். நூல் நிட்டிங் போகிறது. துணி பிளீச்சிங், டையிங். பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷினில் தையல். காஜா பட்டன், எம்பிராய்டரி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பாதி வேலைக்கு மேல் வேறு வேறு ஆட்கள் ‘ஜாப் ஒர்க்’ ஆக, பீசுக்கு இவ்வளவு என்று செய்து தருகிறார்கள். ஏற்றுமதியாளரிடம் சில நேரம் ஒரு தையல் மெஷின்கூடச் சொந்தமாக இராது.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். பின்னலாடை நீண்ட காலம் சிறுதொழிலுக்கு என்று அரசால் ஒதுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு ஆர்டர் கோடைக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி என்று ஏறி இறங்கும், ஆண்டு முழுவதும் ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. மூன்றாவதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் முதலாளிகள் வேலையைத் துண்டு துண்டாக வெளியே பிரித்துக் கொடுப்பதை அதிகமாக்கினார்கள். ஒரே கூரையின்கீழ் ஆயிரம் பேர் இருந்தால் சங்கம் வரும். ‘பவர் டேபிள்’ என்ற சிறு தையல் பட்டறைகள் ஐம்பதில் இருபது இருபது பேராக இருந்தால் கடினம். இன்று உலகமே மெச்சும் ‘நெளிவுசுளிவான உற்பத்தி’ என்பதன் ஒரு வேர் அந்த வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.

நொய்யலுக்கு என்ன ஆனது?

இதற்கு நீண்ட பதில்தான் தர முடியும், மன்னியுங்கள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும், அதுவும் நிறைய. சாயம் துணியில் ஏறும், உப்பு முழுவதும் தண்ணீரில் தங்கும். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலில் இந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் விட்டார்கள். 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தையும் கசடையும் ஓரளவு நீக்கின, உப்பை நீக்கவில்லை. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் பயிர் கருகியது. கண்ணுக்குத் தெரியாத மாசு தெரிகிற மாசைவிடக் கொடியது என்று அந்த விவசாயிகளைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது நோக்கம். சில ஆண்டுகளில் அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்டார்கள். தண்ணீருக்காகக் காலமெல்லாம் மன்றாடிய ஒரு வட்டாரத்தில், தண்ணீர் வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் நிலை! கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது, கால்நடைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இயற்கைச் சூழல் இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு உண்டு என்று தீர்மானித்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றது. பலர் வேலை இழந்தார்கள், ஆர்டர்கள் வெளி மாநிலச் சாயப்பட்டறைகளுக்குத் துணியோடு லாரி ஏறின. பிறகு எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கி முதலிய இயந்திரங்களை நிறுவினார்கள். உப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரை மறுபடி தொட்டிக்கே கொண்டுவரும் முறை நிலைபெற்றது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. இன்று திருப்பூர் இதைத் தன் பெருமையாக உலகச் சந்தையில் சொல்கிறது. சொல்லத் தகுந்ததுதான். ஆனால் டி-ஷர்ட்டின் விலையில் அந்த உப்பை நீக்கும் செலவை முதல் முப்பது ஆண்டுகளில் எந்த வாங்குபவரும் சேர்க்கவில்லை. அந்தச் செலவைக் காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடையில் இருந்த குடியானவர்கள் தங்கள் கிணற்றால் கட்டினார்கள்.

அதிலும் ஒன்று என் மனத்தை இன்னும் அறுக்கிறது. சாயப்பட்டறை வைத்தவரும் கிணறு கெட்டவரும் பல இடங்களில் ஒரே சாதி, சில இடங்களில் உறவினர். கடன் கொடுக்கும்போது அவ்வளவு வலுவாக இருந்த அந்த உறவு, ஆற்றைக் காப்பாற்றவில்லை. கடைசியில் நீதிமன்றம்தான் தேவைப்பட்டது.

பனியன் வேலை தலித் மக்களின் வாழ்க்கையை மாற்றியதா?

ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நேவ், கிரேஸ் கார்ஸ்வெல் இருவரும் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போக முடிந்த கிராமத்தில், இளைஞர்கள் பண்ணையத்திலிருந்து விடுபட்டார்கள், காட்டுக் கூலியும் ஏறியது. விசைத்தறிகள் நிறைந்த இன்னொரு கிராமத்திலோ, முன்பணம் வாங்கிய குடும்பங்கள் தறிக்காரரிடம் கட்டுண்டு கிடந்தன. சந்தை ஒன்று, வட்டாரம் ஒன்று, விளைவு இரண்டு. கம்பெனியில் பக்கத்து மெஷினில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நகரில் யாரும் கேட்பதில்லை என்பதைப் பல தொழிலாளர்கள் பெரிய விடுதலையாகச் சொல்வார்கள். மாலையில் பஸ் இறங்கினால் பழைய தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதும் உண்மை.

பெண்களுக்கு?

முன்பு தையல் ஆண்களின் வேலை. ஏற்றுமதி பெருகிய பிறகே பெண்கள் பெருமளவில் வந்தார்கள். செக்கிங்கில் தொடங்கித் தையலுக்கும் நகர்ந்தார்கள். கையில் சொந்தச் சம்பளம் வந்தது, பெண் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீடுகள் கூடின. மறுபக்கம், சுற்றுவட்டார நூற்பாலைகளில் ‘திருமணத் திட்டம்’ என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். வரதட்சணை என்ற நம்முடைய வழக்கத்தையே ஆள் பிடிக்கும் கருவியாக்கினார்கள். இதை எந்த வெளிநாட்டுக்காரரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்ததால் ஊரின் பண்பாடு கெட்டுவிட்டதா?

இல்லை. இப்படிக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தபோதும் இதே பேச்சு எழவில்லையா? இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர் இல்லாமல் திருப்பூரில் ஒரு ஷிப்ட் ஓடாது. 2020 ஊரடங்கில் அவர்கள் ரயிலுக்குக் காத்து நின்ற வரிசையை ஊர் பார்த்தது, மீண்டும் வேலை தொடங்கியபோது ஆள் இல்லாமல் தவித்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே போய் இந்தியில் பேசி அச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு நல்ல தங்குமிடமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தருவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை, அதில் இன்னும் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

வங்கதேசம் ஏன் முந்தியது?

கோட்டா முறை 2004 இறுதியில் முடிந்தது. அதன்பின் யார் குறைந்த விலைக்குத் தருகிறார்களோ அவர்களுக்கே ஆர்டர். வளர்ச்சி குறைந்த நாடு என்ற முறையில் வங்கதேச ஆடைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் வரி விதிப்பதில்லை. நமக்கு ஒன்பது, பத்து விழுக்காடு இருந்தது. கூலியும் அங்கே குறைவு. ஆலைகள் பெரியவை, ஒரே மாதிரியை லட்சக்கணக்கில் தைக்கின்றன. திருப்பூரின் வலிமை சிறிய ஆர்டர், பல மாதிரி, பருத்தி. உலகம் பாலியஸ்டர் பக்கம் சாய்ந்திருக்கும்போது பருத்தியையே நம்பியிருப்பது ஊரின் பலவீனமும்கூட.

2025-இன் அமெரிக்க வரி என்ன காட்டியது?

ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 விழுக்காடானது. அரசியல் காரணம் இந்தியா வாங்கிய ரஷ்ய எண்ணெய், அடி விழுந்தது திருப்பூரின் அவினாசி சாலையில். ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஏற்றுமதியாளர் தள்ளுபடி தந்தால் ஜாப் ஒர்க் விலையைக் குறைப்பார், ஜாப் ஒர்க்காரர் பீஸ் ரேட்டைக் குறைப்பார். உலக அதிர்ச்சி இந்தப் படிக்கட்டில்தான் இறங்குகிறது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் ஆறுதல் தந்தது. ஆனால் ஒரு சந்தைக்கு ஈடாக இன்னொன்று ஒரே பருவத்தில் வந்துவிடாது.

வேறு ஊர் திருப்பூர் ஆக முடியுமா?

தொழிற்பேட்டை கட்டலாம், மின்சாரமும் மானியமும் தரலாம். ஆனால் ஒரு மெஷின் பழுதானால் பத்து நிமிடத்தில் வரும் மெக்கானிக், தவணைக்கு நூல் தரும் கடைக்காரர், இரவு பதினொரு மணிக்கு பட்டன் வாங்கக்கூடிய தெரு ஆகியவற்றை அரசாணையால் உண்டாக்க முடியாது. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே, இப்படிப்பட்ட ஊர்களில் தொழில் நுணுக்கம் காற்றில் கலந்திருக்கும் என்ற பொருளில் எழுதினார். இத்தாலியின் கார்ப்பி என்ற பின்னலாடை ஊரும் குடும்பப் பட்டறைகளால்தான் வளர்ந்தது. மாவட்டத்துக்கு ஒரு திருப்பூர் என்று அறிவிப்பவர்கள், அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே என்ன கைத்திறன் இருக்கிறது, முதல் கடன் யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்று முதலில் கேட்க வேண்டும். கடன் எல்லோருக்கும் போக வழி செய்தால், திருப்பூர் செய்த ஒரு தவறை அந்த ஊர் தவிர்க்கலாம்.

ஊரை நேரில் பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டையில். வெளிநாட்டார் ஏதோ குறை சொல்லித் தள்ளிய ‘செகண்ட்ஸ்’ துணிகள் அங்கே மலிவாகக் குவிந்திருக்கும். நைஜீரிய வணிகர்கள் மூட்டை கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதும் இங்கிருந்துதான். பிறகு ஒரு பவர் டேபிளில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தையல்காரர்களிடம் பேசுங்கள், ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் நேரம் அவருடைய கூலி, டீ நேரத்தில் பேசுங்கள். அடுத்த நாள் காலை ஒரத்துப்பாளையம் போங்கள். அணையைப் பார்த்துவிட்டு, அருகில் ஏதாவது ஒரு காட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்.